செயலாளரின் ஆண்டறிக்கை: கிளைப் பவளங்களுக்கான அடையாளக் கையேடு

பெருமதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்குழு ஒருமுறையும் செயற்குழு நான்கு முறையும் கூடின. கரைத் தூய்மைப் பணி இருமுறை நடந்தது.

கையேட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். “படத்தைப் பார்த்தாலே தெரியாதா, இதற்கொரு கையேடா?” என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். தெரியாது. ஒரே பவள இனம் அலையடிக்கும் இடத்தில் குட்டையாகத் தடித்தும், அமைதியான நீரில் மெலிந்து நீண்டும் வளரும். நிறத்தையும் நம்ப முடியாது. கிளை நுனியைத்தான் பார்க்க வேண்டும். நுனியில் தனியாக ஒரு குழியும் (பவள உயிரி குடியிருக்கும் சிறு கிண்ணம்) பக்கங்களில் சிறு குழல்களும் இருந்தால் அது அக்ரோபோரா என்ற பேரினம். நுனிக்குழி இல்லாமல் கிளையெங்கும் பருக்கள் போன்ற மேடுகள், அவற்றின் மேலும் குழிகள் என்றால் போசிலோபோரா. குழிகள் வரிசைபிடித்து, நுனி ஊசியாக முடிந்தால் செரியாட்டோபோரா. விரல் போன்ற கிளைகளுக்கு லென்ஸ் இல்லாமல் முடியாது: போரைட்டிஸில் குழிகள் சுவரொட்டி நெருங்கியிருக்கும், மான்டிபோராவில் நடுவே இடைவெளி தெரியும்.

உறுப்பினர்களிடமிருந்து வந்த பதிவுகளில் நான்கு, தீப்பவளத்தை அக்ரோபோரா என்கின்றன. தீப்பவளம் கடினப் பவளமே அல்ல, ஹைட்ரா வகையைச் சேர்ந்தது. அதில் ஊசித் துளைகள்தான் உண்டு, தொட்டால் எரியும். இன்னோர் உறுப்பினர் “வெளுத்துவிட்டது” என்று பதறிச் செய்தி அனுப்பினார். விடியுமுன் போய்ப் பார்த்தேன். வெளிறியிருந்தது அக்ரோபோராவின் வளரும் நுனி மட்டுமே. பவளத்துக்குள் வாழ்ந்து நிறம் தரும் பாசி அங்கே குறைவு. கீழே கிளை நல்ல பழுப்பு நிறத்தில் உயிரோடிருந்தது. வெளுப்பு என்பது வெப்பத்தால் பவளம் அந்தப் பாசியை இழந்து வெண்மையாவது. நான்காவது உலகளாவிய வெளுப்பு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பிறகு, இந்த வேறுபாடு தெரியாமல் எழுதும் பதிவு யாருக்கும் உதவாது. வெப்பம் ஏறும்போது பெரும்பாலும் முதலில் வெளுப்பவை இந்தக் கிளைப் பவளங்கள்தாம்.

பவளங்களை அருகில் பார்க்க வசதியாக, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் அதே நான்கு பேர். வராதவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. சந்தா நிலுவையும் பெரும்பாலும் அவர்களிடம்தான் நிற்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் சரிபார்த்துவிட்டார். லென்ஸும் அச்சுச் செலவும் போகச் சிறிது கையிருப்பு உள்ளது. தலைவருக்கும் பொருளாளருக்கும் அந்த நால்வருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கையேட்டின் இரண்டாம் பகுதியைத் தனியாக முடிக்க என்னால் இயலாது. நுனியையும் பக்கத்தையும் தனித்தனியே அருகில் எடுத்த படங்கள் வேண்டும். அடுத்த அமாவாசைக்கு என் பையில் கூடுதலாக இரண்டு லென்ஸ் இருக்கும்.

செயலாளர்