ஸ்கூல் லிஸ்ட் பாத்தேன்

கண்ணு,

நீ அனுப்புன ஸ்கூல் லிஸ்ட் பாத்தேன்மா. பேரன எங்க சேக்குறதுன்னு நீயும் மாப்பிள்ளையும் முடிவு பண்ணுங்க, அதுல நான் தலையிடல. ஒண்ணு மட்டும் கேளு, உங்க வர்ஜீனியால ஒரு தனியார் ஸ்கூல் 1954க்கு அப்புறம் ஒரு பத்து பதினஞ்சு வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சதுன்னா ஏன் அப்போன்னு விசாரிச்சுக்க. எல்லாமே அப்படின்னு சொல்லல, ஆனா விசாரி.

ரிச்மண்ட்ல இருந்து கார்ல போற தூரம்தான் ஃபார்ம்வில், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டில இருக்கு (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி). கறுப்பினப் பிள்ளைங்க படிச்ச மோட்டன் ஹைஸ்கூல் 180 பேருக்கு கட்டினது, 450 பேருக்கு மேல அடைச்சு வச்சிருந்தாங்க, இடம் பத்தாதவங்களுக்கு தார் பேப்பர் அடிச்ச கொட்டகை. 1951ல பார்பரா ஜான்ஸ்னு 16 வயசுப் பொண்ணு மொத்த ஸ்கூலையும் ஸ்ட்ரைக்ல இறக்கிருச்சு. அந்த கேஸும் சேந்துதான் 1954ல, அரசு ஸ்கூல்ல கறுப்பு வெள்ளைன்னு பிரிச்சு படிக்க வைக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டோட பிரவுன் தீர்ப்பு வந்துச்சு.

1959ல இனிமே சேத்துதான் படிக்க வைக்கணும்னு கோர்ட் கறாரா சொன்னதும் கவுண்டிக்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா, ஸ்கூலுக்கு பைசா ஒதுக்க மாட்டோம்னு அரசு ஸ்கூல் எல்லாத்தையும் இழுத்து மூடிட்டாங்க. அதே வருஷம் வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கு மட்டும் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி. கட்டிடம் கூட இல்ல, சர்ச்லயும் கிடைச்ச ஹால்லயும் கிளாஸ். அரசு ஸ்கூல் வாத்தியாருங்களே அங்க போயிட்டாங்க, வாத்தியாரா இருந்த எனக்கு இதத்தான் ஜீரணிக்க முடியல. பேருதான் தனியார், அடுத்த வருஷமே ஃபீஸுக்கு மாநில அரசோட உதவித்தொகை, நன்கொடை குடுத்தா கவுண்டி வரில தள்ளுபடி. 1961ல கோர்ட் தலையிட்டுத்தான் அது நின்னுச்சு.

கறுப்பினப் பிள்ளைங்களுக்கு அஞ்சு வருஷம் கதவு பூட்டு. வசதி இருந்தவங்க வெளியூர்ல சொந்தக்காரங்க வீட்டுல விட்டாங்க, சில பேருக்கு சர்ச்ல கொஞ்சம் எழுத்து, நிறைய பேருக்கு அதுவும் இல்ல. ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைங்க சிலதும் மாட்டிக்கிச்சு. கடைசி வருஷம்தான் வெளியில பணம் திரட்டி இலவச ஸ்கூல் நடத்துனாங்க. 1959ல பத்து வயசுன்னா அதுக்குள்ள பதினாலு ஆயிருக்கும், அந்தப் பிள்ளைய எந்த கிளாஸ்ல உக்கார வைப்ப? சில பேர் திரும்பி வரவே இல்ல.

1964ல சுப்ரீம் கோர்ட், கிரிஃபின் கேஸ்ல, திறந்துதான் ஆகணும்னு சொல்லிருச்சு. திறந்தாங்க, ஆனா வெள்ளைக்காரப் பிள்ளைங்க பெரும்பாலும் அகாடமிலயே இருந்துட்டாங்க. 1970கள்ல அகாடமிக்கு வரிவிலக்கு போச்சு, 1986ல தான் கறுப்பினப் பிள்ளைங்கள சேத்தாங்க. அப்புறம் ஒரு பணக்காரர் பெரிய தொகை குடுத்து, இப்போ பேரு ஃபியூக்வா ஸ்கூல், எல்லாரும் படிக்கலாம். இப்போ படிக்கிற பிள்ளைங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல.

அட்மிஷன் ஆபீஸ்ல கேக்க கூச்சமா இருந்தா மாப்பிள்ளைய விட்டு கேளு. மோட்டன் ஸ்கூல் இப்போ மியூசியம், ஒரு சனிக்கிழமை குட்டியையும் கூட்டிட்டு போயிட்டு வாங்க. அம்மா அப்பளம் பார்சல் போட்டிருக்கா, வந்ததும் ஒரு போன் பண்ணு.

அப்பா