குத்தகைப் பதிவேட்டில் பெண் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க நில உரிமை பற்றி நீங்கள் போட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் நிலத்தை வளைப்பதுதான் அதில் முக்கால்வாசி. எழுத வேண்டியதுதான். மடகாஸ்கரில் 2008-ல் ஒரு கொரிய கம்பெனிக்கு 13 லட்சம் ஹெக்டேர் கொடுக்கப் பார்த்தார்கள். அந்தக் கோபமும் சேர்ந்து அடுத்த வருஷமே ஆட்சி கவிழ்ந்தது. நம் கணக்கில் எத்தனை வேலி (ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்) என்று போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட 5 லட்சம். தப்போ என்று மறுபடியும் போட்டேன்.

ஆனால் ருவாண்டாவை விட்டுவிட்டீர்களே! என் மாப்பிள்ளை அங்கே கிகாலியில் கணக்கராக இருக்கிறார். பொங்கலுக்கு வந்தபோது, "அத்தை, எங்க வீட்டுக்கார அம்மாவோட நிலப் பத்திரத்துல அவங்க பேரும் புருஷன் பேரும் சேர்ந்தே இருக்கு, ஆளுக்கு எவ்வளவு பங்குன்னு போட்டிருக்கு" என்றார். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு அங்கே எங்கு பார்த்தாலும் விதவைகள். 1999-ல் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தது. 2009-லிருந்து நாலைந்து வருஷத்துக்குள் ஒரு கோடித் துண்டு நிலத்துக்கு மேல் அளந்து பதிந்துவிட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தை விரித்து, அக்கம்பக்கத்து நிலக்காரர்களை வைத்துக்கொண்டே உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லைக் கோடு போட்டார்களாம். எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. பதிவுத் திருமணம் செய்யாத பெண்கள் பலர் விடுபட்டார்கள். கைமாற்றும்போது பெரிய துண்டுக்கும் சின்னத் துண்டுக்கும் ஒரே கட்டணம் வைத்ததால் ஏழைகள் பலர் பெயர் மாற்றாமலே விட்டார்கள்.

பெயர் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் உழுவது ஒரு மடத்து நிலம், ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். 1969 சட்டப்படி போட்ட குத்தகைப் பதிவேட்டில் இன்றும் என் மாமனார் பெயர்தான். அவர் போய் முப்பது வருஷம், என் வீட்டுக்காரர் போய் பதினோரு வருஷம். நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது எல்லாம் நான்தான். குத்தகை நெல் அளப்பதும் நான்தான். கஜா புயலுக்கு நிவாரணம் கேட்டுப் போனால், "பதிவுல இருக்கறவரைக் கூட்டிட்டு வாம்மா" என்றார்கள். சுடுகாட்டிலிருந்தா கூட்டிவர? கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும் இதே கதை. கந்துவட்டிக்கு வாங்கித்தான் அந்த வருஷம் சம்பா வைத்தேன்.

1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், உடலுழைப்பு போட்டுப் பயிர் செய்யும் வாரிசும் குத்தகைதாரர்தான் என்கிறது. என் முட்டியைப் பார்த்தாலே உடலுழைப்பு தெரியும். அதை எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போதே பெண்டாட்டி பெயரையும் பதிவேட்டில் சேர்க்கலாமே. ஊர் ஊராகக் கிராம சபையிலேயே, பக்கத்து வயல்காரர்கள் முன்னால் கேட்டு எழுதிக்கொண்டால் ஒரு கோடைக்குள் முடிகிற வேலை. பட்டா நிலம் இருக்கிற வீடுகளிலும் கதை பெரிதாக மாறவில்லை. மகளுக்குப் பங்கு உண்டென்று இங்கே 1989-லேயே சட்டம் வந்தும், கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் காட்டி பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். என்னிடமும் என் அண்ணன்மார் வாங்கினார்கள். நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், சரி, அது வேறு கதை.

தாலுகா ஆபீஸில் வருஷா வருஷம் கணக்குப் பார்த்து மனு வாங்கும் ஜமாபந்தி வருகிறதே, அதில் மறுபடி மனு கொடுக்கப் போகிறேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்; என்னோடு வயலில் இறங்குவது மருமகள்தான். மனுவில் அவள் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

ம. வசந்தா,
திருத்துறைப்பூண்டி வட்டம்.