பொருள்: 1348 என்று விற்ற வெள்ளிக் காசு 1348ஐச் சேர்ந்தது இல்லை

வணக்கம்.

போன மாதம் உங்களிடம் ஒரு வெள்ளிக் குரோட், அதாவது நாலு பென்னி மதிப்புள்ள பழைய ஆங்கிலேயக் காசு, வாங்கினேன். "எட்வர்டு 3, லண்டன், 1348, கருப்பு மரண ஆண்டு" என்று விளம்பரத்திலும் போட்டிருந்தீர்கள், சான்றிதழிலும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். காசு போலி என்று நான் சொல்லவில்லை. எடை 4.5 கிராம் இருக்கிறது, வெள்ளியும் நல்ல வெள்ளி. ஆனால் அது 1348ல் அடித்த காசு இல்லை, இருக்கவும் முடியாது.

கருப்பு மரணம் என்ற அந்தக் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் நுழைந்தது 1348 கோடையில். அப்போது வெள்ளியில் புழங்கியது பென்னி, அரைப் பென்னி, கால் பென்னி. குரோட்டை இங்கிலாந்து ராஜா எட்வர்டு 1 1279ல் அடித்துப் பார்த்து அது எடுபடாமல் போய், அப்புறம் ராஜா எட்வர்டு 3 மறுபடி கொண்டுவந்தது 1351ல்தான், அதாவது முதல் அலை ஓய்ந்த பிறகு.

சரி, 1351 என்றாவது வைத்துக்கொள்ளலாமா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ராஜா தலையைச் சுற்றிய எழுத்தில், அவருடைய பட்டங்களில் பிரான்ஸ் இல்லை, பிரான்சின் தென்மேற்கில் அவர் ஆண்ட அக்விடேன் என்பதன் சுருக்கம் இருக்கிறது. 1360ல் பிரெட்டினி உடன்படிக்கையில் பிரெஞ்சு அரியணை உரிமையை விட்டுத்தர எட்வர்டு சம்மதித்ததால் வந்த மாற்றம் அது. அப்படி எழுதிய காசுகள் 1361லிருந்து 1369 வரை அடித்தவை. அந்தக் காலத்து ஆங்கிலேயக் காசில் ஆண்டு பொறிப்பதே இல்லை, எழுத்தைப் படித்துத்தான் காலத்தைச் சொல்ல முடியும். படிக்காமலே 1348 என்று எப்படிச் சான்று கொடுத்தீர்கள்?

நோய் வந்த அந்த மாதங்களில் யாரோ ஒருவர் ரொட்டிக்கோ, குழி வெட்டிய கூலிக்கோ கொடுத்திருக்கக்கூடிய ஒரு காசு வேண்டும் என்று இரண்டு வருடம் பணம் சேர்த்தேன். 1361ல் இங்கிலாந்தில் நோய் இரண்டாம் முறை வந்தது, குழந்தைகள் நிறையப் பேர் செத்தார்கள். அந்தக் காலத்துக் காசு என்று உண்மையைச் சொல்லி விற்றிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன், அந்த விலைக்கு இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, படத்தில் கருமை படிந்திருந்த காசு கைக்கு வந்தபோது பாலிஷ் போட்டுப் பளபளக்கிறது. யார் தேய்க்கச் சொன்னது?

தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்து முழுப் பணமும் திரும்ப வேண்டும். உங்கள் பட்டியலில் இதே தலைப்பில் இன்னும் மூன்று குரோட்டுகள் இருக்கின்றன, அவற்றின் ஆண்டை இன்றைக்கே திருத்துங்கள். எழுத்து தெளிவாகத் தெரியும் படங்களை இணைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியை எழுதினால் மறுநாளே காசைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.