அறுந்துபோக வேண்டிய பட்டி

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மா ஒருதரம் பார்த்துவிட்டுப் போனைத் தள்ளி வைத்துவிட்டாள். குதிரையின் பின்னங்காலில் தோல் பிளந்து கிடப்பதைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. என் கண் வேறு இடத்துக்குப் போனது. படத்தின் மூலையில், வைக்கோலின் மேல் கழற்றிப் போட்ட குதிரைப் போர்வை கிடந்ததல்லவா? அதன் வயிற்றுப் பட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பது வருடமாகப் புறக்கோட்டையில் பைக்குப் பட்டி தைக்கிறவன் வேறு எதைப் பார்ப்பான்? தையல் ஓர் இழைகூட விடவில்லை. நைலோன் நாடா கிழியவில்லை. கொளுக்கி வளையவில்லை. கடைக்கு யாராவது கொண்டுவந்து காட்டியிருந்தால் நல்ல வேலை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருப்பேன். அந்த நல்ல வேலைதான் காலை அறுத்திருக்கிறது.

நீ அங்கே போன புதிதில், குளிருக்குக் குதிரைக்குப் போர்வை போடுகிறோம் என்று சொன்னாய். அதுவும் மயிரைக் கத்தரித்துவிட்டுப் போர்வை! நானும் அம்மாவும் எவ்வளவு சிரித்தோம். இங்கே மார்கழியிலும் காற்றாடி சுழலாவிட்டால் எனக்கு நித்திரை வராது. இப்போது சிரிப்பு வரவில்லை.

அந்தப் போர்வை வேறொரு பெரிய குதிரையுடையது, வயிற்றுப் பட்டி ஒரு சாண் தொங்கியது என்று சொன்னாய். எனக்கு அதுவே போதும். மாடு படுத்து எழும்புவதை இங்கே தெருவிலேயே பார்க்கலாம், பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். குதிரை அப்படியில்லை. முன்னங்கால்களை நீட்டி ஊன்றிக்கொண்டு, வயிற்றுக்கடியில் மடித்த பின்னங்கால்களால் உந்தி எழும்பும். உந்துகிற அந்தக் குளம்புக்குப் பக்கத்தில் ஒரு வளையம் தொங்கினால் என்ன நடக்கும்? உள்ளே போன கால் வெளியே வரத் தெரியாமல் உதைக்கும். உதைக்க உதைக்க நாடா அறுக்கும். குதிரை பயந்தால் நின்று யோசிக்காது என்று நீயே எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்.

ஆகவே அளவு முக்கியம். வயிற்றுக்கும் பட்டிக்கும் நடுவே நாலு விரல், மிஞ்சினால் ஒரு கையின் அகலம், அதாவது 10 சென்ரிமீற்றர் அளவுக்கு இடைவெளி போதும். இரண்டு பட்டியும் வயிற்றின் நடுவில் குறுக்காகச் சந்திக்க வேண்டும், பின்னுக்குத் தள்ளி அல்ல. இறுக்கிக் கட்டிவிட்டாலும் வேலையில்லை, படுக்கும்போது பிடிக்கும், தோல் உராய்ந்து புண்ணாகும். தோளுக்கு மேலே போர்வை அழுத்தி அழுத்தி, அந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்த ஒரு குதிரையின் படம் அனுப்பியிருந்தாயே, அது ஞாபகம் இருக்கிறது.

போர்வையின் பின்கால் பட்டி இரண்டையும் தனித்தனியே கட்டாதே. முதலாவதைத் தொடையைச் சுற்றி அதே பக்கத்தில் மாட்டு. இரண்டாவதை முதலாவதன் வளையத்துக்குள்ளால் எடுத்து அது தொடங்கிய பக்கத்திலேயே மாட்டு, சங்கிலிக் கண்ணி மாதிரி. ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் உள்தொடையில் உராயாது, கீழேயும் சரியாது. இதிலும் கை நுழைகிற இடைவெளி வேண்டும். கொளுக்கியின் வாய் குதிரையின் உடம்பைப் பார்த்து இருக்கட்டும். வெளியே பார்த்தால் வேலிக் கம்பியையோ வாளிப் பிடியையோ கவ்விவிடும். பையிலும் இதே கதைதான். கொளுக்கியின் வாய் வெளியே இருந்த பை எத்தனை பேருடைய சேலையைக் கிழித்திருக்கிறது!

இன்னொன்று உனக்கு நான் சொல்ல வேண்டும், எனக்கே வெட்கமான கதை.

நீ பிறக்க முன்னம் ஒரு தாய் தன் மகனின் பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவந்தார். பட்டி மாதத்துக்கு ஒருதரம் பிய்கிறது, இனி ஒருநாளும் பிய்யாதபடி தைத்துத் தாருங்கள் என்றார். நானும் வீறாப்பாக, சதுரம் போட்டு, நடுவே குறுக்குத் தையல் ஓட்டி, பொலியெஸ்டர் நூலில் இரட்டையாக அடித்துக் கொடுத்தேன். ஆமர் வீதியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அந்தப் பட்டி வாசல் கம்பியில் மாட்டியது. பஸ் எடுத்துவிட்டது. பொடியனை நாலைந்து யார் தூரம் இழுத்துக்கொண்டு போன பிறகுதான் ஆட்கள் தட்டி நிறுத்தினார்கள். முழங்கால் இரண்டும் தோல் போனதோடு தப்பினான். தாய் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், திட்டவில்லை. பட்டி அப்படியே இருந்தது. அன்றைக்குப் பிறகு பிள்ளைகளின் பைக்கு ஒரு முனையை ஒற்றைத் தையலில்தான் விடுகிறேன். கேட்கிறவர்களுக்குக் காரணம் சொல்வதில்லை.

உன் அப்பப்பாவுக்கு இது முதலே தெரிந்திருக்கிறது. ரீட் அவெனியூவில் இப்போது ரக்பி விளையாடுகிற இடம் 1893 முதல் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அதை விமான ஓடுபாதையாகவும் ஆக்கினார்கள். அங்கே லாயத்துக்குத் தோல் வார் தைத்துக் கொடுத்தவர் அவர். தலைக்கயிறு எப்போதும் தோலில்தான் செய்வார். குதிரை மிரண்டு இழுத்தால் தோல் அறும், கழுத்து தப்பும். நைலோன் வந்த பிறகு நாங்கள் எல்லோரும் அறாததைத்தான் கேட்கிறோம்.

போர்வையில் எந்தப் பட்டி முதலில் விடவேண்டும் என்று இரவு முழுக்க யோசித்தேன். மார்புப் பட்டி முதலில் விட்டால் போர்வை பின்னுக்குச் சரிந்து, கால் பட்டியோடு பின்னங்காலில் தொங்கும். அதைவிடக் கேடு வேறில்லை. ஆகவே கால் பட்டி முதலில் விடவேண்டும், வயிற்றுப் பட்டி அடுத்தது, மார்பு கடைசி. கழற்றுகிற ஒழுங்கும் அதுதான் என்று நினைக்கிறேன்: கால், வயிறு, மார்பு. போடும்போது தலைகீழாக, மார்பிலிருந்து தொடங்கு. கழற்றிய கால் பட்டியைத் தொங்கவிடாமல் போர்வையிலேயே உள்ள வளையத்தில் மாட்டிவிடு. வீசிய கொளுக்கி குதிரையின் காலிலும் படும், உன் கண்ணிலும் படும்.

புண் மூட்டுக்குள் போகவில்லை, டெட்டனஸ் ஊசியும் முன்பே போட்டிருந்தது என்று வைத்தியர் சொன்னதாகச் சொன்னாய். நிம்மதி. ஆனாலும் நாளாந்தம் போர்வையைக் கழற்றி உடம்பைத் தடவிப் பார்க்கச் சொல். இரண்டு நாள் அப்படியே விட்டால் கீழே என்ன நடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? எலாஸ்டிக்கை இழுத்து விடு. திரும்பிச் சுருங்காவிட்டால் எறி. சேறு பிடித்த கொளுக்கியைக் கழுவு.

பெரியம்மாவின் மகன் வருகிற மாதம் லண்டனுக்கு வருகிறான். அவன் கையில் இரண்டு சாமான் அனுப்புகிறேன். ஒன்று, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய றப்பர் வளையம் இருபது. வயிற்றுப் பட்டியின் ரீ (T) வடிவக் கொளுக்கியை மாட்டிய பிறகு மேலே போட்டால் தானாகக் கழன்று தொங்காது. மற்றது, எலாஸ்டிக் வைத்த கால் பட்டி ஒரு சோடி. ஒரு முனையைப் பருத்தி நூலில் ஒற்றைத் தையல் போட்டிருக்கிறேன். உன் பாரத்தை வைத்து இழுத்தால் தாங்கும், குதிரை உதைத்தால் விடும். வேண்டுமென்றே செய்தது, அங்கே யாரும் பார்த்துவிட்டு உன் அப்பாவுக்குத் தைக்கத் தெரியாது என்று சொன்னால் சொல்லட்டும்.

நீளம் மட்டும் சரியாகத் தெரியவில்லை. நாடாவால் அளந்து வட்ஸ்அப்பில் போடு. அளக்கும்போது குந்தாதே, நேர் பின்னாலும் நிற்காதே, இடுப்புப் பக்கமாக ஒட்டி நில். அம்மா ஒரு போத்தல் எள்ளுருண்டையும் வைத்திருக்கிறாள். அது உனக்கு, குதிரைக்கல்ல.

அன்புடன்,
அப்பா