அந்த ஃபுட்டுக்கு அரம் போட வேண்டாம்

கும்பகோணம்
புரட்டாசி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குத் தை மாதம் காது குத்து என்று எழுதியிருக்கிறாய், கட்டாயம் வருகிறேன். இங்கே எல்லோரும் நலம். அரசலாற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. தம்பி வயலில் குறுவை அறுப்பு முடிந்துவிட்டது. மழை பிடிப்பதற்குள் நெல்லைக் காயவைத்துவிட வேண்டும் என்று வாசலுக்கும் களத்துக்குமாக அலைகிறான். மன்னார்குடிப் பக்கம் எப்படி? உன் அண்ணன் சம்பா நட்டாகிவிட்டதா?

சரி, தையல் மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். பேத்திக்கு அடுக்கு விரிப்பு தைக்க நீ வாங்கிய வாக்கிங் ஃபுட், அதாவது துணியை அழுத்திப் பிடிப்பதோடு மேல் துணியையும் தன் பல்லால் நகர்த்தும் அந்த ஃபுட், சரியாக உட்காரவில்லை, கடகடவென்று சத்தம் வருகிறது, ஊசி தகட்டில் தட்டுகிறது, மேல் துணி சுருங்கிக்கொண்டு வருகிறது, மெக்கானிக் அதை அரம் போட்டுத் தேய்த்துத் தருவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து தேய்க்கக் கொடுக்காதே. ஒரு தடவை தேய்த்துவிட்டால் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். கோளாறு வேறு இடத்தில் இருந்தால் தேய்த்தும் பயனில்லை. முதலில் எது பொருந்தவில்லை என்று பார்ப்போம்.

ஃபுட்டைக் கழற்றிவிட்டு, ஃபுட்டைத் தூக்கி இறக்கும் லீவரை இறக்கி வை. ஃபுட்டை மாட்டும் ஸ்க்ரூ போகிற துளையின் நடுவிலிருந்து கீழே தகடு வரைக்கும் ஸ்கேல் வைத்து அள. அரை அங்குலம் வந்தால் உன் மெஷின் லோ ஷாங்க், அதாவது குட்டைத் தண்டு ஃபுட் மாட்டுவது. ஓர் அங்குலம் வந்தால் ஹை ஷாங்க், உயரத் தண்டு. காலால் மிதிக்கும் உன் கறுப்பு மெஷின் மாதிரியானவை பெரும்பாலும் லோ ஷாங்க்தான். பவர் மெஷின்களுக்குச் செய்த ஃபுட் உயரமாக இருக்கும், அதை இதில் மாட்டினால் தகட்டில் முட்டிக்கொள்ளும், லீவரே சரியாக இறங்காது. டப்பாவில் 'எல்லா மெஷினுக்கும்' என்று போட்டிருந்தாலும் நம்பாதே, அளந்து பார்த்து முடிவு செய். பழைய சிங்கர் மெஷின்கள் சிலவற்றில் ஃபுட்டைப் பிடித்திருக்கும் கம்பியே சாய்வாக இருக்கும். அதற்குத் தனி ஃபுட். உன்னுடையது அது இல்லை.

உயரம் சரியாக இருந்தால் அடுத்து அந்தக் கவட்டைக் கையைப் பார். ஃபுட்டின் பக்கத்தில் கவட்டை மாதிரி ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது ஊசியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை இரண்டு பக்கமும் அணைத்தபடி நிற்க வேண்டும். ஊசி ஏறும்போது கை ஏறும், இறங்கும்போது இறங்கும். அப்போதுதான் உள்ளே இருக்கும் மேல் பல் மேலே தூக்கிக் கீழே வைத்து நடக்கும். உன் மெஷினில் அந்த ஸ்க்ரூ குட்டையாகவோ வேறு பக்கம் பார்த்தபடியோ இருந்தால் கவட்டை அதைப் பிடிக்காது, சும்மா மாட்டிக்கொண்டு கடகடவென்று ஒலி எழுப்பும். நீ எழுதியிருக்கும் சத்தத்துக்கு இது காரணமாக இருக்கலாம்.

மாட்டும் ஸ்க்ரூவைக் கைவிரலால் முடுக்கிவிட்டு விடாதே. இந்த ஃபுட் கனமானது, அதிர்வில் தளர்ந்து ஒரு பக்கம் சாயும், அப்போது ஊசி ஓரத்தில் இடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நன்றாக இறுக்கு. பிறகு கால் வைப்பதற்கு முன் வீலை உன் பக்கமாகக் கையாலேயே மெதுவாகச் சுற்றி, ஊசி துளையின் நடுவில் இறங்குகிறதா என்று பார். சின்ன உரசல் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்து. ஃபுட் நேராக இருந்தும் இடித்தால், ஊசி மேலே முட்டும்வரை ஏற்றி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்; வளைந்த ஊசியாகவும் இருக்கலாம். வழக்கமாக நீ போடும் ஃபுட்டும் கோணலாகவே நிற்கிறது என்றால் ஃபுட்டைப் பிடித்திருக்கும் கம்பி திரும்பியிருக்கிறது. அதை முகப்புத் தகட்டைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடு.

இவ்வளவும் சரியாக இருந்தும் துணி சுருங்குகிறதென்றால், எனக்குப் படுவது பல்லின் அகலம். இதை நிறையப் பேர் பார்ப்பதில்லை. நேர்த்தையல் மட்டும் போடும் பழைய மெஷின்களில் துணியைத் தள்ளும் பற்கள் ஊசிக்குப் பக்கத்தில் நெருக்கமாக இருக்கும். வாக்கிங் ஃபுட்டுகளோ பெரும்பாலும் ஊசி இடமும் வலமும் போய்த் தைக்கும் ஜிக்ஜாக் மெஷினுக்குச் செய்தவை, அவற்றின் பற்கள் விலகி விலகி இருக்கும். கீழே ஒரு இடத்தில் தள்ள, மேலே வேறு இடத்தில் பிடித்தால் எப்படிச் சேரும்? சிங்கர் 1933-இல் கொண்டுவந்த 221 என்ற சின்ன மெஷின் குவில்ட் என்ற அடுக்கு விரிப்பு தைப்பவர்களுக்கு இன்றும் பிடித்தமானது. அதிலும் ஜிக்ஜாக் மெஷினுக்கான வாக்கிங் ஃபுட்டை மாட்டினால் இதே கதைதான். ஒரு சோதனை: கீழ்ப் பற்கள் மேலே எழும்பும்படி வீலைச் சுற்றி வைத்து, அவற்றின் மேல் நீல சாக் பொடியைத் தடவி, துணி இல்லாமல் ஃபுட்டை ஒரு தடவை இறக்கித் தூக்கு. பொடி ஃபுட்டின் பல்லில் ஒட்டியிருந்தால் பொருத்தம் சரி. பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒட்டியிருந்தால் அந்த ஃபுட் உன் மெஷினுக்கு ஆகாது, எத்தனை தேய்த்தாலும் ஆகாது. பில் இருக்கிறதல்லவா, திருப்பிக் கொடுத்துவிடு.

அப்புறம் விரிப்பை எப்படித் தைப்பது என்று கவலைப்படாதே. நம் அம்மாக்கள் தைத்த விரிப்புகளுக்கு எந்த வாக்கிங் ஃபுட் இருந்தது? மேல் துணி பின்தங்குவதற்குக் காரணம், பற்கள் அடித்துணியை மட்டும் இழுப்பதும், ஃபுட் மேலிருந்து அழுத்துவதும்தான். அந்த அழுத்தத்தைக் குறை. மெஷின் தலையில் கம்பிக்கு நேர் மேலே இருக்கும் அழுத்தத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஒரு துண்டில் தைத்துப் பார். எல்லா அடுக்கையும் சேர்த்து, நான்கு விரல் இடைவெளியில் கையால் ஓட்டுத் தையல் போட்டுக் கட்டிவிடு. இதில் சோம்பல் பட்டால் எந்த ஃபுட்டும் காப்பாற்றாது. நடுக் கோட்டை முதலில் தைத்து, அடுத்தடுத்த கோடுகளாக ஓரத்துக்குப் போ. எல்லாக் கோடும் ஒரே திசையில் போகட்டும், ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாறினால் துணி முறுக்கிக்கொள்ளும். தையலைப் பெரிதாக வை, அங்குலத்துக்கு எட்டு அல்லது ஒன்பது போதும்.

உன் அம்மாவின் கல்யாணக் கூறைப் புடவையை மேல் துணியாகப் போடுகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கூறைநாட்டு நெசவு பட்டும் பருத்தியும் கலந்தது. பருத்தி இன்னும் வலுவாக இருந்தாலும் பட்டு இழை நைந்திருக்கும். தைப்பதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார், நைந்த இடங்களில் அடியில் மெல்லிய மல் துணி வைத்து ஒட்டுப் போடு. புடவை மேலேதான் இருக்க வேண்டும், பல்லின் பக்கம் படக்கூடாது, பட்டில் கீறல் விழும். புதிய 14-ஆம் நம்பர் ஊசி போடு. மழுங்கிய ஊசி பட்டு இழையை இழுத்துவிடும். நடுவில் கம்பளி வைக்காதே, நம் ஊர் வெயிலுக்குக் குழந்தைக்கு வியர்த்துப் போகும். நன்றாகத் துவைத்து மென்மையான வேட்டி ஒன்றே போதும். ஐப்பசி மழைக்கு முன் தைத்து ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டால் பூஞ்சை வராது.

ஸ்க்ரூ துளையிலிருந்து தகடு வரை உள்ள அளவையும், பொடி எங்கே ஒட்டியது என்பதையும் எழுது. ஃபுட் ஆகாதென்று தெரிந்தால், அரை அங்குல ஷாங்க்குக்கு நெருக்கமான பல்லோடு வேறு ஃபுட் கிடைக்கிறதா என்று இங்கே பெரிய கடைத்தெருவில் விசாரித்துப் பார்க்கிறேன். அதுவரை சாதா ஃபுட்டிலேயே ஒரு சின்னத் துண்டு தைத்துப் பழகிக்கொண்டிரு.

உன் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
கமலா