செயலாளரின் ஆண்டறிக்கை: கீழாநெல்லி என்று எழுதியவை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

காட்டுப்பூக்களைப் பார்த்துப் பதிவதற்காக நாம் மாதந்தோறும் நடத்தும் களநடை, கனமழை நாட்கள் தவிர, தடையில்லாமல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் கீழாநெல்லிதான் வரும். இந்த ஆண்டு நம் உழைப்பும் அதிலேயே போனது.

நம் காட்டுப்பூப் பட்டியலில் ஆரம்பத்திலிருந்தே கீழாநெல்லிக்கு 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்ற அறிவியல் பெயரை எழுதி வந்தோம். பழைய நூல்கள் பலவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு களநடையில் புது உறுப்பினர் ஒருவர் இரண்டு செடிகளைப் பக்கத்தில் வைத்து, "இதில் இதழ் அஞ்சு, அதில் ஆறு இருக்கே, ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பூ கடுகளவுதான்; பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். இதழ் என்று நாம் சொல்வது புல்லிதழ், அதாவது பூவின் வெளிவட்ட இதழ். இந்தச் செடிகளுக்கு அல்லி எனும் உள்வட்ட இதழ் கிடையாது. புல்லிதழ் ஐந்தாக இருந்து, கிளை நுனிப் பக்கத்து இலைக்கக்கத்தில் (இலை கிளையோடு சேரும் மூலையில்) ஆண்பூவும் பெண்பூவும் ஜோடியாக இருந்தால் ஃபில்லாந்தஸ் அமாரஸ். காய் சொரசொரத்து, காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருந்தால் ஃபில்லாந்தஸ் யூரினேரியா. தண்டிலும் பெரும்பாலும் சிவப்பு ஓடும். இலை அடியில் ஆப்புபோல் குறுகினால் மேலாநெல்லி. இதே வகையில் ஆறு புல்லிதழ் கொண்ட டெபிலிஸ், ஃப்ரட்டர்னஸ் என்ற இரண்டு இனங்களையும் நம் மாதிரிகளில் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை. அந்தத் தாள்களில் ஃபில்லாந்தஸ் என்ற பேரினப் பெயரோடு நிறுத்திவிட்டோம். ஊகித்து எழுதுவதைவிட அதுவே சரி.

அப்புறம், பெயர். நிரூரி என்று ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட இனம் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. நம் செடிகள் அதுவல்ல என்பதை 1950களில் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரேடி வெப்ஸ்டர் தெளிவுபடுத்தினார். ஃப்ரட்டர்னஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. அமாரஸ் என்ற பெயர் 1827 முதலே இருந்தது. பட்டியலைத் திருத்திவிட்டோம். ஆனால் தொடக்க ஆண்டுகளின் நிரூரி பதிவுகள் பலவற்றுக்கு உலர்மாதிரி (தாளில் ஒட்டி வைத்த உலர்ந்த செடி) இல்லை. எந்தச் செடியைப் பார்த்து எழுதினோம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்கு இந்த ஆண்டின் பெரிய வருத்தம் இதுதான்.

கரிசலாங்கண்ணியில் சிக்கல் வேறு. எக்லிப்டா ஆல்பா, எக்லிப்டா ப்ரோஸ்ட்ராட்டா இரண்டும் ஒரே செடி. பிரிக்க ஒன்றுமில்லை, எந்தப் பெயர் என்பதே கேள்வி. மூத்த பெயரே நிற்கும் என்பது விதி. இங்கே ஆல்பா, ப்ரோஸ்ட்ராட்டா என்ற இரண்டு அடைமொழிகளும் 1753இல் ஒரே நூலில் வந்தவை, மூப்புக்கு இடமில்லை. அப்படிப்பட்ட நிலையில், இரண்டையும் முதலில் ஒன்றாகச் சேர்த்தவர் தேர்ந்த பெயரே நிலைக்கும். இன்று ஏற்கப்படும் பெயர் ப்ரோஸ்ட்ராட்டா. பட்டியலில் அதையே வைத்து, ஆல்பாவை இணைப்பெயராக, அதாவது அதே செடியின் மாற்றுப் பெயராகக் குறித்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். புது இனம் எதையும் பூவும் காயும் உள்ள மாதிரித்தாள் இல்லாமல் பட்டியலில் ஏற்றக் கூடாது; தாளில் இடம், நாள், எடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். இரண்டே செடி நிற்கும் இடத்தில் பறிக்க வேண்டாம், தெளிவான படம் போதும். பொதுக்குழு இதை ஏற்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்