'பாதிக்கப்பட்ட'ங்கிற அந்த ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இருபது வருசத்துக்கும் மேல உங்க பேப்பரை வாசிக்கறேன், லெட்டர் எழுதறது இதான் முதல் தடவை. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் அக்கா பையன் கூட உக்காந்து 'ஐ ஆம் கிரெட்டா' டாக்குமெண்டரி பார்த்தேன். பருவநிலை மாற்றத்துக்கு எதிராப் போராடற சுவீடன் பொண்ணு கிரெட்டா துன்பெர்க் பத்தின படம், நேதன் கிராஸ்மன்னு ஒருத்தர் எடுத்தது, 2020ல வந்துடுச்சு, எங்களுக்கு இப்பதான் பாக்க வாய்ச்சுது. அதுல ஒரு எடத்துல ஒருத்தர் அவகிட்ட, நீ ஆஸ்பெர்கரால (ஆட்டிசத்துல ஒரு வகைக்கு வச்ச பேர்) அவதிப்படறியாமேங்கிற மாதிரி கேக்கறார். அவ, அவதிப்படறேன்னு சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு அது இருக்குங்கறா. அவ்ளோதான். அதுல கோவமும் இல்ல வருத்தமும் இல்ல, சொந்த ஊர் எதுன்னு கேட்டா சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறா.

நான் படத்தை அங்க நிறுத்திட்டேன். ஏன்னா அன்னைக்குக் காலைலதான் பேப்பர்ல ஒரு சின்ன நியூஸ் படிச்சேன், ஒரு மாணவர் பரிசு வாங்கினதைப் பத்தி, அதுல அந்தப் பையன் பேருக்கு முன்னாடியே 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட'ன்னு போட்டிருந்தாங்க. நல்ல மனசோட எழுதின நியூஸ்தான், அதுல சந்தேகமே இல்ல, பாராட்டித்தான் எழுதியிருந்தாங்க. ஆனா வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட, புற்றுநோயால் பாதிக்கப்பட்ட, அந்த வரிசையில இதையும் சேத்துட்டோமே, அது அந்தப் பிள்ளையோட மூளை வேலை செய்யற விதம்தானேன்னு அப்ப எனக்குத் தோணல, மத்தியானம் அந்தப் பொண்ணு சொன்னப்பறம்தான் உறைச்சுது. அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

கிரெட்டான்னா நம்ம ஆளுங்களுக்கு ரெண்டே விஷயம்தான் ஞாபகம் இருக்கும். ஐநாவுல 2019 செப்டம்பர்ல கண்ணு கலங்க, எப்படி உங்களுக்குத் துணிச்சல் வந்துச்சுன்னு தலைவருங்களைக் கேட்டது ஒண்ணு, அதைப் பாத்துட்டு அதிகப்பிரசங்கின்னு பல பேர் திட்டினது இன்னொண்ணு. இந்தப் படம் அதுக்கெல்லாம் ஒரு வருசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுது. 2018 ஆகஸ்ட் 20, ஸ்டாக்ஹோம்ல பார்லிமெண்ட் சுவர் ஓரமா 15 வயசுப் பொண்ணு ஒண்ணு தனியா உக்காந்திருக்கா, பக்கத்துல ஒரு பலகை, அதுல பருவநிலைக்காகப் பள்ளி வேலைநிறுத்தம்னு சுவீடிஷ்ல கையால எழுதியிருக்கு. அந்த வருசம் கோடையில சுவீடன்ல காடு பத்தி எரிஞ்சுது, வெயில் தாங்கல, செப்டம்பர் 9 அன்னைக்கு எலெக்‌ஷன். கூட வாங்கன்னு மத்தவங்களையும் கூப்பிட்டிருக்கா, யாரும் வரல, சரி நானே போறேன்னு போயிட்டா. ஜனங்க அவளைத் தாண்டித் தாண்டிப் போறாங்க, ஒரு வயசான அம்மா நின்னு ஏம்மா ஸ்கூலுக்குப் போகலையான்னு கேக்குது, எதிர்காலமே இல்லாதப்ப படிப்பு எதுக்குங்கிற மாதிரி இவ பதில் சொல்றா. மறுநாள்ல இருந்து ஒண்ணு ரெண்டு பேரா வந்து உக்கார ஆரம்பிச்சாங்க, எலெக்‌ஷன் வரைக்கும் தினம் உக்காந்தா, அப்பறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். 2019 மார்ச் 15ல உலகம் பூரா பத்து லட்சத்துக்கும் மேல பிள்ளைங்க தெருவுக்கு வந்தாங்க.

எனக்கு அந்தப் பத்து லட்சத்தை விட முதல் நாளைக் காட்டற எடம்தான் பெருசாத் தெரிஞ்சுது. கேமரா மேல இருந்து குனிஞ்சு பாக்கல, அவ உயரத்துக்கே இறங்கி உக்காந்துக்குது, அதனால பெரியவங்க கால் மட்டும் நடந்து போறதை நாமளும் அவ கண்ணால பாக்கறோம். பின்னாடி பெரிய ஆள் ஆயிடுவான்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும், இருந்தும் ஒருத்தர் அந்த மொத வாரத்துலயே கேமராவைத் தூக்கிட்டுப் போய் நின்னிருக்கார் பாருங்க. பேசாத பிள்ளையைப் படம் எடுக்கணும்னா இப்படித்தான் எடுக்கணும், கேள்வி மேல கேள்வி கேக்காம பக்கத்துல இருந்துட்டுப் போறது.

அவ பேசாத பிள்ளைதான், அது நம்ம ஊர்ல நெறைய பேருக்குத் தெரியாது. 11 வயசுல மன அழுத்தத்துல விழுந்துட்டா, பேச்சை நிறுத்தினா, சாப்பாட்டை நிறுத்தினா, ரெண்டே மாசத்துல பத்து கிலோ கிட்ட எடை குறைஞ்சுதுன்னு 2018 கடைசில ஸ்டாக்ஹோம் மேடையில அவளே சொல்லியிருக்கா. அப்பறம்தான் டாக்டருங்க ஆஸ்பெர்கர்னும், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒண்ணையே திரும்பத் திரும்ப செய்ய வைக்கற ஓசிடின்னும், சில எடத்துல சில ஆளுங்க முன்னாடி பேச்சே எழும்பாத நிலைன்னும் கண்டுபிடிச்சாங்க. அந்தக் கடைசிதுக்கு அவ மேடையில ஒரு வெளக்கம் சொன்னா, அவசியம்னு எனக்குப் பட்டாத்தான் நான் பேசுவேன், இப்ப அந்த மாதிரி ஒரு அவசியம் வந்திருக்குன்னு. நம்ம வீட்டுல ஒரு பிள்ளை இப்படி இருந்தா என்ன சொல்லுவோம், வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கேன்னு கேப்போம், ஊமைக்கோட்டான்னு பேர் வைப்போம்.

பருவநிலை மாறுதுன்னு அவ முதல்ல கேள்விப்பட்டப்ப வயசு எட்டு. ஸ்கூல்ல படம் போட்டுக் காட்டினா எல்லாப் பிள்ளைங்களும் அந்த நேரத்துக்கு அய்யோன்னு பாத்துட்டு, முடிஞ்சதும் அடுத்த வேலைக்குப் போயிடுவாங்களாம், இவளுக்கு அது மண்டைய விட்டுப் போகவே போகாதாம். இவ்ளோ பெரிய ஆபத்துன்னு சொல்றீங்க, அப்ப ஏன் எல்லாரும் சும்மா இருக்கீங்கன்னு அவளுக்கு நெசமாவே புரியல. நமக்கெல்லாம் ஒரு வசதி இருக்கு, ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டும் தெரியாத மாதிரி இருந்துக்கலாம். அவ மூளை அந்த வசதிய அவளுக்குத் தரல. வீட்டுல லைட்டை அணைக்கறதுல ஆரம்பிச்சு அப்பா அம்மா சாப்பாட்டையே மாத்த வச்சா, அவங்க அம்மா மலேனா எர்ன்மன் ஊர் அறிஞ்ச ஓப்பரா பாடகி, 2009ல யூரோவிஷன்ங்கிற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில சுவீடனுக்காகப் பாடினவங்க, அவங்க மக பேச்சைக் கேட்டு ப்ளேன் ஏறறதையே விட்டுட்டாங்க. பாட்டுக் கச்சேரிக்கு நாடு நாடாப் போறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

படத்துல அவங்க அப்பா ஸ்வாந்தேவைத்தான் நெறைய பாக்கறோம். என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தோட பாதி உசுரு அவர்தான். கரண்ட்டுல ஓடற கார்ல வச்சு போலந்துல நடந்த பருவநிலை மாநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறார், சாப்பாட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு வாய் சாப்பிடும்மா சாப்பிடும்மான்னு கெஞ்சறார், அவ கண்டுக்கவே மாட்டேங்கறா. ஒரு பேச்சுல எழுத்துப்பிழை இருந்துடக் கூடாதுன்னு உக்காந்து திருத்தித் திருத்தி நேரம் போகுது, போதும்மா யாரும் பாக்க மாட்டாங்கன்னு இவர் சொல்றார், அவளுக்கு அது போதாது. அவருக்கு சலிப்பு வருது, கோவம் வருது, அடுத்த நிமிசம் திரும்ப வந்து நிக்கறார். இப்படிப் பிள்ளை இருக்கற எல்லா வீட்டுலயும் இந்த சீன் தினம் நடக்குது, எங்க அக்கா வீட்டுலயும் நடக்குது, யாரும் படம் எடுக்கறதில்ல, அவ்ளோதான். சில எடத்துல அவ நாய்ங்களோட தரையில உருண்டு விளையாடறா, கிறுக்குத்தனமா ஆடறா, அப்ப ஐநா மேடை முகம் இல்ல அது, சின்னப் பிள்ளை முகம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் பிரஸ்ஸல்ஸ்ல வருது. 2019 பிப்ரவரில ஐரோப்பிய ஒன்றியத்தோட பெரிய மனுசங்க கூட்டத்துல இவ பேசி முடிக்கறா, அடுத்துப் பேச வந்த, அப்ப ஐரோப்பிய ஆணையத் தலைவரா இருந்த யுங்கர், இவ சொன்னதுக்கு பதில் சொல்லுவார்னு பாத்தா டாய்லெட்டுல தண்ணி ஊத்தறதுக்கு ஐரோப்பா பூரா ஒரே விதி வைக்கறது பத்திப் பேசறார். இவ மொழிபெயர்ப்பு கேக்கற ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு உக்காந்துக்கறா. சாதாரண ஆளா இருந்தா மரியாதைக்குத் தலையாட்டிட்டு இருந்திருப்போம், கைத்தட்டக் கூட செஞ்சிருப்போம். அவளுக்கு அந்த நடிப்பு வராது. ஆட்டிசம் இருக்கறவங்களுக்கு சமூகத் திறன் கம்மின்னு எழுதறோமே, அந்த ரூம்ல இருந்த மத்தவங்ககிட்ட இருந்த திறனால என்ன நடந்துச்சுன்னு எனக்குக் கேக்கத் தோணுது.

அப்பறம் அந்தக் கப்பல். ப்ளேன்ல போக மாட்டேன்னு சொல்லி 2019 ஆகஸ்ட் 14ல இங்கிலாந்து பிளிமத்துல இருந்து மலிட்சியாங்கிற பந்தயப் பாய்மரப் படகுல கிளம்பி 28ஆம் தேதி நியூயார்க் போய்ச் சேர்ந்தா. 60 அடிப் படகு, டாய்லெட் கிடையாது வாளிதான், சமையல் கிடையாது, சுடுதண்ணி ஊத்திச் சாப்பிடற பாக்கெட் சாப்பாடு. அப்பாவும் டைரக்டரும் கூடப் போறாங்க. நடுக்கடல்ல, அலை தூக்கித் தூக்கிப் போடுது, அவ போனை வாய்க்கிட்ட வச்சுக்கிட்டுத் தனக்குத்தானே பேசிப் பதிவு பண்றா, இது என்னால தாங்க முடியாத பாரம், நான் இதெல்லாம் செய்யணும்னு ஆசைப்படலன்னு சொல்லி அழறா. வீட்டையும் நாய்ங்களையும் தினப்படி பழக்கத்தையும் விட்டுட்டு வந்த பிள்ளைக்கு அது எவ்ளோ கஷ்டம்னு இந்த மாதிரிப் பிள்ளைங்களோட வாழறவங்களுக்குத் தெரியும், சாப்பிடற தட்டு மாறினாலே ஒரு நாள் போயிடும்.

படத்துல குறை இல்லாம இல்ல. அறிவியலை ரொம்ப மேலோட்டமாத்தான் தொட்டுட்டுப் போகுது, அவ ஓயாம சொல்றதே என்னைப் பாக்காதீங்க விஞ்ஞானிங்க சொல்றதைக் கேளுங்கன்னுதான், படம் அவளையே பாத்துட்டு இருக்கு. அம்மாவை ரொம்பக் கம்மியாத்தான் காட்டறாங்க, அந்த வீட்டோட பாதி கதை வெளிய நின்னுடுது. நெறைய நேரம் தலைவருங்க, கூட்டம், கைதட்டல்னு போகுது, அது நியூஸ்லயே பாத்ததுதான்.

ஆனா அவளைத் திட்டினவங்களையும் காட்டறாங்க, அதை விட்டுடாதது நல்லது. உலகத் தலைவருங்களே நக்கல் பண்ணாங்க. அமெரிக்க டிவி ஒண்ணுல விவாதத்துக்கு வந்த ஒருத்தர் இவளை மனநோயாளிப் பிள்ளைன்னே சொன்னார், அப்பறம் அந்த சேனல் மன்னிப்பு கேட்டுச்சு. அவ சொன்ன கணக்குக்கு பதில் இல்லாதப்ப அவ மூளையைக் கையில எடுத்தாங்க. அவ அதே 2019 ஆகஸ்ட்ல எழுதினா, சூழ்நிலை சரியா அமைஞ்சா வித்தியாசமா இருக்கறது ஒரு பெரிய சக்தின்னு. சூழ்நிலை சரியா அமைஞ்சாங்கற வார்த்தையை எல்லாரும் விட்டுட்டு சக்தியை மட்டும் போஸ்டர் அடிச்சாங்க, அது தப்புன்னு நினைக்கறேன், அவளுக்கு அந்த அப்பா இருந்தார், அந்த அம்மா இருந்தாங்க, நேரத்துக்குப் பாத்துச் சொல்ற டாக்டர் இருந்தாங்க.

ஆஸ்பெர்கர்ங்கிற பேரே இப்ப வழக்கத்துல இருந்து போயிட்டு இருக்கு. ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவுல 1944ல இப்படிப்பட்ட பிள்ளைங்களைப் பத்தி எழுதினார், 1981ல லோர்னா விங்னு லண்டன் டாக்டரம்மா அவர் பேரையே இதுக்கு வச்சாங்க, 2013ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்களோட கையேட்டுல அந்தத் தனிப் பேரை எடுத்துட்டு எல்லாத்தையும் ஆட்டிசம்ங்கிற ஒரே குடைக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. நாஜி ஆட்சியில பிள்ளைங்களைக் கொன்ன எடத்துக்கு அவரும் பிள்ளைங்களை அனுப்பி வச்சார்னு 2018ல ஆவணங்களோட வெளிய வந்துச்சு. மருத்துவத்துலயே ஒரு பேர் பொருந்தலன்னா மாத்தறாங்க.

நம்மளும் மாத்தியிருக்கோமே. ஊனமுற்றோர்னு எழுதிட்டு இருந்தோம், கலைஞர் ஆட்சியில அரசே மாற்றுத்திறனாளின்னு சொல்லச் சொன்னப்பறம் பேப்பருங்களும் மாத்திக்கிட்டீங்க, இன்னைக்கு டீக்கடையில பேசறவங்க கூட அந்த வார்த்தையைத்தான் சொல்றாங்க. மாற்றுத்திறனாளிங்க உரிமைக்கான 2016 சட்டத்துல சொல்ற 21 வகைகள்ல ஆட்டிசமும் ஒண்ணா வந்துடுச்சு. அப்ப 'ஆட்டிசம் உள்ள மாணவர்'னு எழுதறதுக்கு என்ன தடை? எழுத்து கூட கம்மிதான் ஆகும். உதவி வேணும், கண்டிப்பா வேணும், கஷ்டமும் இருக்கு, பேச்சே வராத பிள்ளைங்க இருக்காங்க, அவங்க வீட்டு பாரத்தைச் சின்னதுன்னு நான் சொல்ல வரல. கஷ்டத்தை எழுதுங்க. பிள்ளையையே கஷ்டமா எழுதாதீங்க.

என் அக்கா பையனுக்கு 14 வயசு. தெருக்குழாய்ல தண்ணி சொட்டினா ராத்திரி எந்திரிச்சுப் போய் இறுக்கி மூடிட்டு வருவான், மூடாம அவனுக்குத் தூக்கம் வராது. ஸ்கூல்ல குழாய் மூட கிளாஸ்ல இருந்து எந்திரிச்சுப் போனதுக்கு வெளிய நிக்க வச்சாங்க, திமிருன்னாங்க. படத்துல அந்த வார்த்தை வந்தப்ப நான் நிறுத்தினேன்ல, அவன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, போடு சித்தி, அவ சரியாத்தான் சொல்றான்னான். எங்களுக்குள்ள அன்னைக்கு அவன் பேசின ஒரே பேச்சு அதுதான்.

வர்ற ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளுக்கு வழக்கம்போல நீங்க ஒரு பக்கம் போடுவீங்க. அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒருத்தரை உக்கார வச்சு 'பாதிக்கப்பட்ட'ங்கறது எங்கெங்க இருக்குன்னு தேடச் சொல்லுங்க. முடிஞ்சா ஒரு மூலையில ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒருத்தரையே நாலு வரி எழுதச் சொல்லிக் கேளுங்க, பேச மாட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க, பேப்பரும் பேனாவும் குடுத்துட்டுக் காத்திருங்க.

இப்படிக்கு
உங்க வாசகி ஒருத்தி,
திண்டுக்கல்